புகைபோக்கியின் இடுக்குகள்: சாணியிலிருந்து சிலிக்கோன் வரை

கனடா, இங்கிலாந்து, அமெரிக்காவின் வடபகுதி போன்ற குளிர்ப் பிரதேசங்களில் வீட்டுக்குள் விறகடுப்பு வைப்பது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. இது சமையல் அடுப்பு அல்ல, குளிர்காயும் அடுப்பு. நாலு கால் வைத்த ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே விறகு எரியும். அதன் முதுகிலிருந்தோ தலையிலிருந்தோ ஒரு குழாய் கிளம்பி, சுவரையோ கூரையையோ துளைத்துக்கொண்டு வெளியே போகும். இந்த அடுப்பை வாங்கிப் பொருத்த நினைப்பவர் ஹார்டுவேர் கடைக்குப் போனால் தலை சுற்றிவிடும். கறுப்பு நிறத்தில் ஒரு பசை, சிவப்பு நிறத்தில் ஒரு சிலிக்கோன், வாளியில் சாம்பல் நிறச் சாந்து, சுருட்டி வைத்த வெள்ளைக் கயிறு. எல்லாமே இடுக்கை அடைக்கத்தான். எல்லாவற்றின் மேலும் 'வெப்பம் தாங்கும்' என்று பெரிதாக எழுதியிருக்கும். எவ்வளவு வெப்பம், எந்த இடத்தில் என்பது மட்டும் சின்ன எழுத்தில் இருக்கும்.

அந்த அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு வரலாறு உண்டு. எரிந்துபோன ஊர்களும், புகைக்கூண்டுக்குள் சிக்கிய சிறுவர்களும், நுரையீரல் கெட்டுச் செத்த ஆலைத் தொழிலாளிகளும் அந்த வரலாற்றில் வருகிறார்கள். ஒரு சின்ன இடுக்கை அடைக்க இவ்வளவு பாடா என்று தோன்றும். ஆம், இவ்வளவு பாடுதான்.

அதற்கு முன் புகைபோக்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். சூடான காற்று எடை குறைந்தது, அதனால் மேலே ஏறுகிறது. அது ஏறும்போது கீழே அழுத்தம் குறைந்து, அறைக் காற்று அடுப்புக்குள் இழுக்கப்படுகிறது. இந்த இழுவை மிக மிகச் சிறியது. 5 மீட்டர் உயரமுள்ள குழாயின் உள்ளே 200 டிகிரி செல்சியஸ், வெளியே 10 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி கிடைப்பது சுமார் 25 பாஸ்கல். ஒரு டம்ளரில் இரண்டரை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவுதான்!

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். நன்றாக எரியும் அடுப்பின் குழாயில் ஓர் ஓட்டை இருந்தால் புகை வெளியே வராது, அறைக் காற்றுதான் உள்ளே போகும். இடுக்கை அடைப்பது புகையை உள்ளே பிடித்து வைக்க என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி நேரம் அது காற்றை வெளியே நிறுத்தத்தான். உள்ளே புகும் குளிர்ந்த காற்று குழாயைக் குளிர்விக்கும், இழுவை குறையும், புகையிலுள்ள தார் போன்ற பொருள் குழாய்ச் சுவரில் படியும். இந்தப் படிவுக்குக் கிரியோசோட் என்று பெயர். ஒருநாள் அதுவே தீப்பிடித்தால், அதே இடுக்கு வழியாகப் போகும் காற்று அந்தத் தீயை ஊதி வளர்க்கும். மறுபக்கம், தீ அணையும் நேரத்திலோ குழாய் குளிர்ந்து கிடக்கும்போதோ இழுவை நின்று காற்று தலைகீழாகத் திரும்பலாம். அப்போது இடுக்கு வழியாக அறைக்குள் வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஐரோப்பாவில் புகைபோக்கி அவ்வளவு பழமையான சங்கதி அல்ல. நீண்ட காலம் கூடத்தின் நடுவில் தீ எரிந்தது, புகை கூரை வழியாகத் தானே வழி தேடிக்கொண்டது. 12ஆம் நூற்றாண்டில் கோட்டைச் சுவர்களுக்குள் புகைவழிகள் தோன்றின. சாதாரண வீடுகளுக்கு அது வந்து சேர இன்னும் 400 ஆண்டுகள் ஆயின. வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் 1577இல் வெளியான தம் நூலில், தம் ஊர்க் கிழவர்கள் தங்கள் காலத்தில் கண்ட பெரிய மாற்றங்களில் ஒன்றாகப் புகைபோக்கிகள் பெருகியதைச் சொன்னதாக எழுதியிருக்கிறார்.

ஏழைகளின் முதல் புகைபோக்கிகள் மரத்தால் ஆனவை. குச்சிகளை அடுக்கி, மேலே களிமண்ணை அப்பி விடுவார்கள். களிமண் காயும்போது சுருங்கும், வெடிக்கும். வெடிப்பின் பின்னால் இருப்பது காய்ந்த குச்சி. பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டுமா? அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் இதே முறையைக் கூடவே எடுத்துப் போனார்கள். 1631இல் பாஸ்டன் நகரில் ஒரு வீட்டுப் புகைபோக்கியில் தொடங்கிய தீ பக்கத்து வீட்டையும் சேர்த்து எரித்தது. அதோடு, இனி யாரும் மரத்தில் புகைபோக்கி கட்டக்கூடாது, கூரைக்கு வைக்கோல் வேயக்கூடாது என்று உத்தரவு வந்தது. இன்றைய நியூயார்க் அப்போது டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாம். 1648இல் அங்கே ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் மரப் புகைபோக்கிகளுக்குத் தடை போட்டு, வீடு வீடாகப் போய்ப் பார்வையிட நான்கு பேரை நியமித்தார்.

லண்டன் 1666இல் எரிந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதன் பிறகு 1667இல் வந்த சட்டம் வீடுகளைச் செங்கல்லிலோ கல்லிலோ கட்டச் சொன்னது. புகைவழியை ஒட்டி மர உத்தரங்கள் வரக்கூடாது, இடைவெளி விட வேண்டும் என்றும் சொன்னது. இந்த இடைவெளிக் கதை பிறகும் வரும்.

அவ்வளவு பிரபலமில்லாத ஒரு சம்பவம் ஆக்ஸ்போர்டுஷயரில் சர்ச்சில் என்ற கிராமத்தில் 1684இல் நடந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அடுப்பு வரி இருந்தது. 1662இல் தொடங்கிய இந்த வரிப்படி, ஒரு புகைபோக்கி அடுப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். சர்ச்சிலில் ரொட்டி சுடும் ஒரு பெண், தனியாகப் புகைபோக்கி வைத்தால் வரி கட்ட வேண்டுமே என்று சுவரில் ஓட்டை போட்டுத் தன் அடுப்பின் புகையைப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கிக்குள் திருப்பிவிட்டாள் என்று அவ்வூர் வரலாறு சொல்கிறது. அந்த ஓட்டை வழியே பிடித்த தீயில் 20 வீடுகள் எரிந்தன, 4 பேர் இறந்தார்கள். வரி மிச்சம் பிடிக்கப் போட்ட ஓர் ஓட்டை! அந்த வரி 1689இல் ஒழிக்கப்பட்டது.

செங்கல் வந்ததும் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. செங்கல் எரியாது, உண்மைதான். ஆனால் ஒரு புகைபோக்கியில் நூற்றுக்கணக்கான செங்கற்கள், அவற்றுக்கு இடையே நூற்றுக்கணக்கான இணைப்புகள். ஒவ்வொரு இணைப்பும் ஓர் இடுக்கு. அதற்கு அன்றைய கொத்தனார்கள் கண்ட வழி, உட்புறம் முழுவதும் பூசி மெழுகிவிடுவது. எதால்? சுண்ணாம்புச் சாந்தில் மாட்டுச் சாணியைக் கலந்து! சாணி மெழுகுவது தமிழ்நாட்டுத் திண்ணைக்கும் முற்றத்துக்கும் மட்டும் உரியது என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். இங்கிலாந்தின் பிரபுக்கள் மாளிகைப் புகைக்கூண்டுகளுக்குள்ளும் இருந்தது சாணிப் பூச்சுதான். இது அறியாமையால் செய்ததல்ல. சாணியிலுள்ள நார் சாந்தைப் பிடித்து வைத்து, காயும்போது வெடிக்காமல் காக்கும். கலவையும் குழைவாக, வளைவுகளில் ஒட்டும்படி இருக்கும். சுண்ணாம்பும் சிமெண்ட் போல விறைப்பானதல்ல. கட்டடம் சற்று அசைந்தால் அதுவும் சேர்ந்து அசையும்.

ஆனால் அது நிலைத்து நிற்காது. புகையிலுள்ள அமிலம் சுண்ணாம்பை அரிக்கும். நிலக்கரி வந்த பிறகு இது அதிகமாயிற்று. பூச்சு செதில் செதிலாக உதிரும், இணைப்புகள் திறந்துகொள்ளும். நிலக்கரிக்குக் குறுகலான புகைவழி போதும் என்பதால் 9 அங்குலம், 14 அங்குலம் என்று சிறிதாகக் கட்டினார்கள். அதற்குள் ஏறிச் சுத்தம் செய்ய யார் போவது? பெரியவர்கள் நுழைய முடியாது. ஐந்து, ஆறு வயதுச் சிறுவர்களை அனுப்பினார்கள்.

இந்தச் சிறுவர்கள் கரியைச் சுரண்டினார்கள் என்றுதான் பொதுவாகப் படிக்கிறோம். வேறு வேலையும் இருந்தது. புதிதாகக் கட்டிய புகைபோக்கிக்குள் கொத்தனார் விட்டுச்சென்ற சாந்துக் கட்டிகளை உடைத்து எடுப்பது அவர்கள் வேலை. உள்ளே தீப்பிடித்தால் அதை அணைக்கவும் அவர்களையே ஏற்றினார்கள். லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல், இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதைக் குறிப்பிட்டார். ஒரு தொழிலால் புற்றுநோய் வருகிறது என்று மருத்துவ உலகம் பதிவுசெய்த முதல் நிகழ்வுகளில் அது ஒன்று.

1840இல் வந்த சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் புகைபோக்கிக்குள் ஏறக்கூடாது என்றது. அதே சட்டத்தில் ஒரு கட்டடப் பிரிவும் இருந்தது. தடுப்புச் சுவர்கள் அரைச் செங்கல் கனமாவது இருக்க வேண்டும், இணைப்புகளை நல்ல சாந்தாலோ சிமெண்டாலோ நன்றாக நிரப்பி உட்புறம் பூச வேண்டும், வழி 14க்கு 9 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, கூர்மையான திருப்பங்கள் கூடாது. சிறுவனை ஏற்றாமல் தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டுமானால் புகைபோக்கியின் உட்புறம் ஒழுங்காக இருக்க வேண்டும் அல்லவா? இடுக்கை அடைக்கும் கடமை குழந்தைகளைக் காக்கும் ஒரு சட்டத்துக்குள் வந்தது. சட்டம் வந்தும் யாரும் மதிக்கவில்லை. 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனையின் புகைவழியைச் சுத்தம் செய்ய ஏற்றப்பட்ட ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் உள்ளே சிக்கி இறந்தான். ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அவன் சாவை முன்வைத்துப் போராடி அதே ஆண்டில் கொண்டுவந்த சட்டம்தான் இந்த வழக்கத்தை உண்மையில் நிறுத்தியது.

இதற்கிடையில் இரும்பு வந்துவிட்டது. பென்ஜமின் ஃபிராங்க்ளின் 1740களின் தொடக்கத்தில் இரும்புத் தகடுகளால் ஓர் அடுப்பை வடிவமைத்து, 1744இல் அதைப் பற்றிச் சிறு நூலும் வெளியிட்டார். காப்புரிமை தருகிறோம் என்றபோது வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அவருடைய அடுப்பில் புகை கீழே இறங்கிப் பிறகு மேலே ஏற வேண்டியிருந்ததால் அது அவ்வளவு நன்றாக இழுக்கவில்லை, பிறர் மாற்றிச் சீர்செய்தார்கள். ஆனால் வீட்டுக்குள் இரும்பு அடுப்பு என்ற எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றியது.

இடுக்கை அடைக்கும் வேலை இத்தோடு அடியோடு மாறிவிட்டது. செங்கல்லும் செங்கல்லும் சேருமிடத்தில் இரண்டும் ஒரே மாதிரி விரியும். இரும்பு அப்படி அல்ல. ஒரு மீட்டர் நீள இரும்புக் குழாய் 300 டிகிரி சூடேறினால் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். செங்கல் அதில் ஏறக்குறைய பாதிதான். தினமும் காலையில் மூட்டி இரவில் அணைத்தால், தினமும் அந்த இணைப்பு இழுபட்டுச் சுருங்கும். விறைப்பான எதை வைத்து அடைத்தாலும் ஒரே குளிர்காலத்தில் வெடித்துவிடும்.

அன்றைய குடும்பப் பெண்கள் கையிலிருந்ததை வைத்துச் சமாளித்தார்கள். விறகுச் சாம்பலும் உப்பும் சம அளவு எடுத்துத் தண்ணீரில் குழைத்து அடுப்பு வெடிப்பில் அப்புவது 19ஆம் நூற்றாண்டு வீட்டுக் குறிப்புகளில் அடிக்கடி காணப்படும் முறை. கெட்டால் மறுபடி அப்பிக்கொள்ளலாம், செலவில்லை. இயந்திரத் தொழிலாளர்கள் வைத்திருந்த முறை இன்னும் சுவாரசியமானது. இரும்புத் தூளோடு நவச்சாரமும் சிறிது கந்தகமும் கலந்து ஈரமாக இணைப்பில் திணிப்பார்கள். இரும்புத் தூள் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுக்கும். அது தானே உப்பி இடுக்கை இறுக்கிவிடும். கெடுதல் என்று எல்லோரும் பயப்படும் துருவை வேலைக்கு வைத்துக்கொண்ட இந்த யோசனையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இன்று கடையில் விற்கும் கறுப்புப் பசையின் தாத்தா ஜெர்மனியில் பிறந்தவர். யோகான் நெபோமுக் ஃபான் ஃபுக்ஸ் என்ற வேதியியலாளர், மணலையும் காரத்தையும் சேர்த்து உருக்கினால் தண்ணீரில் கரையக்கூடிய ஒரு கண்ணாடி கிடைப்பதைக் கண்டு 1825இல் அதைப் பற்றி எழுதினார். அந்த நீர்க்கண்ணாடியைத் தீயிலிருந்து காக்க மியூனிக் நாடக அரங்கில் பூசினார்கள். அந்த அரங்கு 1823இல்தான் எரிந்திருந்தது. சோடியம் சிலிகேட் என்று இன்று சொல்லப்படும் இதனோடு களிமண், மணல் தூள் போன்றவற்றைக் கலந்தால் அடுப்புச் சிமெண்ட் தயார். ஆயிரம் டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனால் அவசரம் கூடாது. கனமாக அப்பி உடனே பெரிய தீ மூட்டினால் உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகி, அப்பளம் போல உப்பி நுரைத்துவிடும். மெல்லிய பூச்சாகத் தடவி, காயவிட்டு, சின்னச் சின்னத் தீயாக மூட்டிப் பதப்படுத்த வேண்டும். தீ காணாமல் விட்டால் ஈரத்தை இழுத்து மறுபடி இளகும். அதனால் மழை படும் இடத்துக்கு அது ஆகாது. இறுகிய பிறகு அதற்கு நெகிழ்வும் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு பெரிய ஏமாற்றத்தையும் சொல்ல வேண்டும். 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்ட் உலகையே கட்டியது. அவ்வளவு உறுதியான பொருள் அடுப்புக்கும் உதவும் என்று நினைப்பது இயல்புதானே? ஆனால் இறுகிய சிமெண்டுக்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. 400 டிகிரியைத் தாண்டியதும் அது நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. அடுப்பு ஆறியதும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மறுபடி உப்புகிறது. தாம்பூலச் சுண்ணாம்புக்குக் கிளிஞ்சலைச் சுட்டு நீர் தெளித்தால் பொரிந்து உதிர்கிறதே, அதே வேதியியல்தான் இங்கே சுவருக்குள் நடக்கிறது. விளைவு, சாந்து பொடிப்பொடியாகக் கொட்டும். இதற்கு விடையாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு சிமெண்ட் வந்தது. பிரான்சில் லாஃபார்ஜ் நிறுவனத்தின் ஜூல் பியே 1908இல் காப்புரிமை பெற்ற, அலுமினா நிறைந்த சிமெண்ட் அது. அவர் அடுப்புக்காக அதைத் தேடவில்லை. சல்பேட் உப்பு அரிக்காத சிமெண்ட்தான் அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் வெப்பம் தாங்கும் சாந்துகளில் பலவற்றுக்கு இன்று அதுதான் அடிப்படை. கடையில் வாளியில் இருக்கும் சாம்பல் நிறச் சாந்து பெரும்பாலும் இதன் வாரிசு.

சரி, வெப்பமும் தாங்க வேண்டும், நெகிழவும் வேண்டும். இரண்டும் சேர்ந்த பொருள் ஒன்று இயற்கையிலேயே கிடைத்தது. கல்தான், ஆனால் நூலாக நூற்கலாம், கயிறாகத் திரிக்கலாம், அட்டையாக அழுத்தலாம். தீயில் போட்டாலும் எரியாது. ஆஸ்பெஸ்டாஸ்! 1858இல் நியூயார்க்கில் ஹென்றி வார்டு ஜான்ஸ் இதை வைத்து வியாபாரம் தொடங்கினார். 1870களின் பிற்பகுதியில் கனடாவின் கியூபெக்கில் பெரிய சுரங்கங்கள் திறந்தன. அடுப்புக் கதவைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் கயிறு, குழாய் இணைப்பில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட், அடுப்புக்குப் பின்னால் சுவரில் ஆஸ்பெஸ்டாஸ் அட்டை. இடுக்கு அடைப்பவர்கள் இத்தனை நூற்றாண்டுகளாகத் தேடிய பொருள் இதுதான் என்று தோன்றியது.

எச்சரிக்கை தாமதமாக வரவில்லை, சீக்கிரமே வந்தது. 1898இல் பிரிட்டனின் பெண் தொழிற்சாலை ஆய்வாளர் லூசி டீன் ஆஸ்பெஸ்டாஸ் தூசி தொழிலாளர்களைக் கெடுப்பதாக அறிக்கையில் எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. ராச்டேல் நகரில் ஆஸ்பெஸ்டாஸ் நூற்ற நெல்லி கெர்ஷா 1924இல், 33 வயதில் இறந்தார். அவர் நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் குக் அதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். 1930இல் மெரிவெதர், பிரைஸ் இருவரும் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், பரிசோதித்த 363 தொழிலாளிகளில் 95 பேருக்கு நுரையீரல் இறுகியிருந்தது. நாலில் ஒருவருக்கு மேல்! பிரிட்டன் ஆலைகளுக்குள் தூசியைக் கட்டுப்படுத்த 1931இல் விதிகள் செய்தது. ஆலைக்கு வெளியே, அடுப்பு பொருத்தும் கொத்தனாரையும், பழைய கயிற்றைச் சுரண்டி எடுத்த வீட்டுக்காரரையும் அந்த விதிகள் தொடவில்லை. 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவர் குழுவினரும், சுரங்கப் பகுதியில் வெறுமனே வசித்தவர்களுக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வருவதைக் காட்டினார்கள். பிரிட்டன் முழுத் தடை போட்டது 1999இல். அமெரிக்காவில் 1989இல் போட்ட தடையின் பெரும்பகுதியை 1991இல் நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கே கடைசியாகப் புழக்கத்தில் இருந்த வகைக்கு 2024 மார்ச்சில்தான் தடை விதி வந்தது. லூசி டீன் எழுதி 126 ஆண்டுகள் கழித்து.

அழகாக இருக்கிறதே என்று பழைய வார்ப்பிரும்பு அடுப்பை வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் இதை மறக்கக்கூடாது. அதன் கதவுக் கயிறும் இணைப்புப் பூச்சும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதை உப்புத்தாளால் தேய்ப்பது மிக மோசமான யோசனை.

கயிறின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்தது. 1930களில் அமெரிக்காவில் கேம்ஸ் ஸ்லேட்டர் முதலியவர்கள் கண்ணாடியை இழையாக்கும் தொழிலை வளர்த்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் மேல் பயம் வந்த பிறகு அடுப்புக் கதவுகளுக்கு அந்தக் கயிறு வந்தது. ஏறக்குறைய 500 டிகிரி வரை தாங்கும், கதவுக்கு அது போதும். ஆனால் நாளாக நாளாக அமுங்கித் தட்டையாகிவிடும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்ப்பது. சுலபமாக வந்துவிட்டால் கயிற்றை மாற்ற வேண்டும்.

சிலிக்கோன் வந்த வழி வேறு. நாட்டிங்ஹாமில் ஃபிரெடெரிக் கிப்பிங் பல ஆண்டுகள் ஆராய்ந்து, இதனால் பெரிய பயன் இருக்காது என்று நினைத்த பொருள் அது. 1940இல் யூஜின் ரோச்சோ மலிவாகத் தயாரிக்கும் முறையைக் கண்டதும் போர்க்காலத் தேவைகள் அதைத் தொழிலாக மாற்றின. ரப்பர் போல வளையும், வெயிலையும் மழையையும் தாங்கும். சிவப்பு வகை தொடர்ந்து 260 டிகிரி வரை தாங்கும், கொஞ்ச நேரம் 300 டிகிரியைத் தொட்டாலும் பிழைத்துக்கொள்ளும். வெப்பச் சிலிக்கோன் என்ற பெயரைப் பார்த்து அடுப்புக் குழாயின் முதல் இணைப்பில் தடவுபவர்கள் தவறு செய்கிறார்கள். அடுப்பின் வாயில் புகை 400 டிகிரியைத் தாண்டலாம். அங்கே சிலிக்கோன் பொடியாகிவிடும். அதன் இடம் கூரைக்கு மேலே. குழாய் வெளியேறும் ஓட்டையைச் சுற்றிய தகட்டுக்கும் மழைக்காப்பு வளையத்துக்கும் அதுதான் சரி. அடுப்புச் சிமெண்டுக்கு அங்கே வேலை இல்லை. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் இரண்டுமே தோற்கும்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது இந்த அறிவெல்லாம் திடீரென்று தேவைப்பட்டது. எண்ணெய் விலை ஏறியதும் அமெரிக்கர்கள் மறுபடி விறகுக்குத் திரும்பினார்கள். காற்றுப் புகாதபடி இறுக்கமாக அடைக்கப்பட்ட அடுப்புகள் பிரபலமாயின. காற்றைக் குறைத்து இரவு முழுக்க மெதுவாக எரிய விடலாம், விறகு மிச்சம். ஆனால் மெதுவாக எரியும் தீயின் புகை குளிர்ந்தது, தார் நிறைந்தது. கிரியோசோட் கட்டி கட்டியாகப் படிந்தது, புகைபோக்கித் தீ பெருகியது. அடுப்பை நன்றாக அடைத்ததாலேயே புகைபோக்கிக்கு ஆபத்து வந்தது என்பது கசப்பான உண்மை. அத்தகைய தீயில் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். இதனால்தான் உலோகப் புகைபோக்கிகளுக்கான அமெரிக்கத் தரத்தில் 1149 டிகிரியில், பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை சுட்டுப் பார்க்கும் சோதனை வைக்கப்பட்டது. பிரிட்டனிலோ 1965இன் கட்டட விதிகள்தான் புதுப் புகைபோக்கிகளுக்கு உள்குழாய் கட்டாயம் என்றன. அதற்கு முந்தைய வீடுகளில் பெரும்பாலும் அந்தப் பழைய சுண்ணாம்புப் பூச்சுதான். அங்கே நவீன அடுப்பைப் பொருத்துபவர், 200 ஆண்டு முந்தைய கொத்தனாரின் கைவேலையை நம்பித்தான் தீ மூட்டுகிறார்.

இரும்புக் குழாய்ச் சுவருக்குள் நுழையுமிடத்தில் பலர் சாந்தைப் போட்டுக் கெட்டியாக அடைத்துவிடுகிறார்கள். குழாய் விரிய இடமின்றிச் சாந்தை உடைக்கும், இல்லையென்றால் தானே நெளியும். அங்கே சுவரோடு ஒரு வளையத்தைச் சாந்தால் பதித்து, அதற்குள் குழாயைக் கயிறு சுற்றி நுழைப்பதே முறை. குழாய் நகரும், காற்று போகாது. இன்னொன்று, குழாய் இணைப்பிலிருந்து கறுப்பு நீர் ஒழுகுகிறது என்று சிமெண்டை அப்பிக்கொண்டே இருப்பார்கள். பல சமயம் குழாயைத் தலைகீழாக மாட்டியிருப்பதுதான் காரணம். சுருக்கி மடித்த முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஒழுகும் தார் குழாய்க்குள்ளேயே இறங்கி அடுப்பில் எரிந்துவிடும். ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று திருகாணிகளும் வேண்டும். பசை குழாயைத் தாங்காது.

1667இன் லண்டன் சட்டம் மரத்துக்கும் புகைவழிக்கும் இடையே விடச் சொன்ன இடைவெளி இன்றும் விதிகளில் இருக்கிறது. அமெரிக்க விதிகளில் ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் எரியக்கூடிய சுவருக்கும் நடுவே 18 அங்குலம். ஆலையில் செய்த இரட்டைச் சுவர்ப் புகைபோக்கிக்குப் பொதுவாக 2 அங்குலம். கூரைக்குள் அந்த 2 அங்குலத்தைப் பார்க்கும் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. குளிர் வருகிறதே என்று பஞ்சைத் திணிப்பார், நுரையைப் பீய்ச்சுவார். அந்தக் காற்று நகர்ந்து வெப்பத்தை எடுத்துப்போவதால்தான் பக்கத்து உத்தரம் ஆறியிருக்கிறது. அடைத்துவிட்டால் மரம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கரியாகும். கரியான மரம் முன்பு தாங்கிய சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கும். இத்தனை பொருட்கள் அடுக்கிய அலமாரியிலிருந்து அந்த இடுக்குக்கு மட்டும் எதையும் வாங்கக்கூடாது.